தேவ பராமரிப்பும் தன்னலமற்ற ஊழியமும்: கொல்லிமலை பிராண்ட் தம்பதியை முன்வைத்து

1. ஆய்வின் எல்லை

மல்லசமுத்திரத்திலிருந்து கிழக்கே ராசிபுரம் போய், அங்கிருந்து சேந்தமங்கலம் வழியாகத் திரும்பினால் கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரம். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. 1913இல் மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் புதுமணத் தம்பதியாகக் கொல்லிமலையில் குடியேறியபோது சாலை கிடையாது.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நம் சபைகளில் அன்றாடம் சொல்கிறோம். அந்த நம்பிக்கை கைகட்டி இருப்பதற்குச் சாக்காகவும் ஆகலாம். பலன் தெரியாத வேலையை விடாமல் செய்யப் பலமாகவும் ஆகலாம். பிராண்ட் தம்பதியிடம் அது பலமாயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. கிணறும் நரம்புச் சிலந்தியும்

ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். வெப்பமண்டல நோய்களில் அடிப்படைப் பயிற்சி மட்டுமே உண்டு. மலையில் நரம்புச் சிலந்தி மலிந்திருந்தது. கால் கொப்புளத்திலிருந்து வெளியே தலைகாட்டும் புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் புழு அறுந்து உள்ளே சீழ் வைக்கும். அந்தப் பொறுமையோடு அவர் நிற்கவில்லை. புண்ணுள்ள கால் பட்ட தண்ணீரைக் குடிப்பதால்தான் நோய் பரவுகிறது என்பதால், கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப ஊராரைப் பழக்கினார். ஜெபம் செய்த அதே மனிதர்தான் கல்லும் சுமந்தார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு முரண் தெரியவில்லை. மலைப்பிரசங்கம், மத்தேயு 6, நாளையைப் பற்றிய கவலையை விடச் சொல்கிறதே தவிர, இன்றைய வேலையை விடச் சொல்லவில்லை.

3. பூசாரியின் குழந்தை

ஆறேழு ஆண்டுகள் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. எதிர்ப்பில் முன்னின்றவர் ஊர்ப் பூசாரி. முதல் உலகப்போர் முடிந்த சமயம் இன்ஃப்ளுயன்சா மலைக்கும் ஏறியது. பூசாரியும் அதில் விழுந்தார். பயத்தில் மற்றவர்கள் விலகியபோது அவரைக் கவனிக்கப் போனவர்கள் பிராண்ட் தம்பதி. சாகும் தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன் பிறகே மக்கள் மனம் இளகியது.

இதை "தேவன் கொள்ளைநோயால் கதவைத் திறந்தார்" என்று சொல்வோர் உண்டு. நான் ஏற்கவில்லை. ஒரு தகப்பனின் சாவை ஊழிய வெற்றிக்கு ஏற்பாடாக்கினால் தேவனின் அன்பே பழுதுபடும். பலனே வராதிருந்தாலும் அவர்கள் அந்தக் குடிசைக்குள் போயிருப்பார்கள். தன்னலமின்மைக்கு அடையாளம் அதுதான். லூக்கா 17:10 காட்டும் ஊழியக்காரனும் கூலியை எண்ணிக் கடமை செய்பவனல்ல.

4. விலை

1923இல் ஒன்பது வயது மகன் பாலையும் தங்கை கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினர். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்திலிருந்த பாலுக்குத் தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அவர் முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. செத்துப்போன அப்பாவின் எழுத்தைப் பிரித்துப் படித்த சிறுவனின் துக்கத்தை "எல்லாம் நன்மைக்கே" என்று ஒரே வரியில் மூடுவது பெரும் தவறு. பின்னாளில் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்து உலகப்புகழ் பெற்றார். அந்தப் புகழும் இந்தத் துக்கத்துக்கு ஈடல்ல. விசுவாசம் விலையை மறைக்காது.

5. ஓய்வுக்குப் பின்

எழுபதை நெருங்கிய எவலினுக்கு மிஷன் மறுபடி பணி தரத் தயங்கியது. மிஷனையும் குறை சொல்ல முடியாது. வயதையும் செலவையும் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. எவலின் ஓராண்டு மட்டும் கேட்டு வாங்கினார். ஆண்டு முடிந்ததும் விலகி, தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கே போனார். கணவரோடு மனதில் வைத்திருந்த மற்ற மலைகளுக்கும், கல்ராயன் உட்பட, மட்டக்குதிரையில் ஏறினார். இடுப்பெலும்பு முறிந்த பின் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார்.

6. மற்றவர் கையில் முடிந்த வேலை

நரம்புச் சிலந்தியைப் பிராண்ட் தம்பதி ஒழிக்கவில்லை. 1980களில் தொடங்கிய தேசியத் திட்டம்தான் ஒழித்தது. கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000இல் இந்தியா அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. அத்திட்டத்தின் பணியாளர்கள் செய்ததும் ஊர் ஊராக நோயாளியைத் தேடிப் போவது, தண்ணீரை வடிகட்டச் செய்வது, கால் படாதபடி கிணற்றைக் காப்பது ஆகியவையே.