ஒட்டுப்போர்வையும் எழுதப்படாத வரலாறும்: லகாட் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எழுத்தில் உள்ளவற்றையே சான்றாகக் கொள்வர். கல்வெட்டும் செப்பேடும் அரசு ஆவணமும் நாளிதழும் அவ்வரிசையில் முன்நிற்கின்றன. துணி அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. ஆயினும், எழுத்தறிவு பெறும் வாய்ப்பில்லாத பெண்களின் வாழ்வை அறிய முற்படும்போது, ஊசியும் நூலும் விட்டுச்சென்ற தடயங்களை நாம் ஒதுக்கிவிட இயலாது. துணித்துண்டுகளை இணைத்தோ பழந்துணிகளை அடுக்கித் தைத்தோ உருவாக்கப்படும் போர்வையை இங்கு ஒட்டுப்போர்வை எனக் குறிப்பிடுகிறோம். அன்புக்குரிய ஒருவருக்கெனக் கையால் தைக்கப்படும் இப்போர்வை, கொடுத்தவரையும் பெற்றவரையும் ஒருசேர நினைவில் இருத்தவல்லது. அது எவ்வாறு வரலாற்றுச் சான்றாகிறது, லகாட் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை அத்தகைய சான்று ஏன் அரிதாயிற்று என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சாங்கிச் சிறையில் தைக்கப்பட்ட போர்வைகள்

மலாயா, சிங்கப்பூர் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒட்டுப்போர்வைகள் சாங்கிச் சிறையில் உருவானவை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அதிகாரிகள், தோட்ட நிர்வாகிகள் ஆகியோரின் மனைவியரும் மருத்துவத் தாதியரும் அவர்களுள் இருந்தனர். கணவன்மாரைப் பற்றிய செய்தி எதுவும் கிட்டாத நிலையில், எத்தல் மல்வானி என்னும் கனடியப் பெண்மணியின் முயற்சியால் போர்வை தைக்கும் பணி தொடங்கியது. பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சதுரத் துணியில் தம் பெயரையும் தாம் விரும்பிய உருவத்தையும் நூலால் வரைந்தனர். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள் என மூன்று போர்வைகள் உருவாயின. அவை பிரித்தானிய, ஆஸ்திரேலிய, சப்பானியக் காயமுற்ற வீரர்களுக்கெனப் பெயரிடப்பட்டன.

சப்பானியருக்கும் ஒரு போர்வை தைக்கப்பட்டதன் காரணம் கருதத்தக்கது. அவர்களுக்கும் ஒன்றை அளித்தால் மற்ற இரண்டும் போர்க்கைதிகளின் மருத்துவமனையைச் சென்றடைவதற்குத் தடை இராது எனப் பெண்கள் எண்ணினர். மனைவி உயிருடன் இருக்கிறாள் என்ற செய்தி, காவலர் கண்ணெதிரிலேயே ஒரு கொடைப்பொருளின் வடிவில் சிறைமதிலைக் கடப்பதற்கு இவ்வாறு வழி பிறந்தது. இன்று இவற்றுள் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. அதே சிறையிலிருந்த சாரணியச் சிறுமியர், தம் தலைவியின் பிறந்தநாளுக்கென மறைவாகத் தைத்த அறுகோணத் துண்டுப் போர்வையொன்று இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. சிறுமியரின் பெயர்கள் அதில் நூலால் பொறிக்கப்பட்டுள்ளன. ஆளுக்கொரு துண்டுத் துணியில் வைத்த பெயரே அவர்களை வரலாற்றில் நிலைநிறுத்தியது.

லகாட் வட்டாரமும் தோட்டத்துப் பெண்களும்

ஈப்போவுக்கு அண்மையில், பத்து காஜா செல்லும் வழியில், கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்த லகாட் ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த சிற்றூர். சுரங்கத்தில் சீனரும், சுற்றிலுமிருந்த இரப்பர்த் தோட்டங்களில் தமிழரும் பெருமளவில் உழைத்த வட்டாரம் இது. அருகிலுள்ள பாப்பானில் மருத்துவத் தொண்டாற்றிய சிபில் கார்த்திகேசு 1943இல் சப்பானியரால் கைது செய்யப்பட்டு, பின்னர்ப் பத்து காஜா சிறையிலும் துன்புற்றார். அவர் 1948இல் மறைந்தபோதிலும், 1954இல் நூலாக வெளிவந்த அவருடைய நினைவுக்குறிப்புகள் அவர் பட்ட துயரை நமக்கு அறிவிக்கின்றன.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் நிலை வேறு. 1942 முதல் 1943 வரை சயாம் - பர்மா இரயில் பாதை அமைப்பதற்கென மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையோர் தமிழர். பல்லாயிரவர் திரும்பவில்லை. சாங்கியில் இருந்த மனைவியைப் போலவே லயத்தில் இருந்த மனைவியும் கணவன் இருக்கிறானா இல்லையா என அறியாது காத்திருந்தாள். முன்னவளின் காத்திருப்பு ஒரு சதுரத் துணியில் பதிந்தது. பின்னவளின் காத்திருப்புக்கு அத்தகைய பதிவு அரிது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற புதினங்கள் அவ்வெற்றிடத்தைப் பிற்காலத்தில் ஓரளவு நிரப்ப முனைந்தன.

சான்று அரிதானதன் காரணங்கள்

இவ்வேறுபாட்டிற்குத் தையற்கலை அறியாமை காரணமன்று. பழைய சேலையை மடித்தும் அடுக்கியும் பிள்ளைக்குப் படுக்கை அமைப்பதும், தாயின் சேலையைத் தூளியாகக் கட்டுவதும் தமிழர் குடும்பங்களில் பரவலான வழக்கங்கள். அண்டை வீட்டாரான சீனரிடையே, நூறு குடும்பங்களிலிருந்து பெற்ற துணித்துண்டுகளை இணைத்துக் குழந்தைக்குப் போர்வை அமைக்கும் மரபு உண்டு. மலாய்க்காரரும் ‘கைன் பெர்ச்சா’ எனப்படும் வெட்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைப்பர். மூவினத்தாரும் பழந்துணியைப் பாசத்தின் அடையாளமாக மாற்ற அறிந்தவர்களே.

நாம் காணும் காரணங்கள் மூன்று. முதலாவது, சப்பானியர் காலத்துத் துணிப்பஞ்சம். இறக்குமதி நின்றதால் மக்கள் கோணிச் சாக்கையும் உடுத்த நேர்ந்தது. இருந்த சேலை உடலிலேயே நைந்து போயிற்று. எடுத்து வைக்க எதுவும் மிஞ்சவில்லை. இரண்டாவது, பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தமை. லயத்தைக் காலி செய்வோர் முதலில் கழிப்பது பழந்துணியையே. மூன்றாவது காரணம் நம்மைச் சார்ந்தது. கந்தை என நாம் ஒதுக்கியதை ஆவணம் என எவரும் மதிக்கவில்லை.

வங்காளம் காட்டும் வழி

இம்மூன்றாம் காரணத்தைக் களைய இயலும் என்பதற்கு வங்காளம் சான்றாகும். அங்குப் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலால் தைக்கும் ‘காந்தா’ போர்வைகள் வீட்டுக்குள் வழங்கிய எளிய பொருள்களே. அரசு அதிகாரியாகப் பணியாற்றிய குருசதய் தத் (1882-1941) ஊர்தோறும் சென்று அவற்றைத் திரட்டினார். மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்கெனத் தைத்து, எழுத்தையும் நூலால் பொறித்த காந்தா அத்தொகுப்பிலுள்ள புகழ்மிக்க ஒன்று. அத்தொகுப்பு இன்றேல் அப்பெண்ணின் பெயரை நாம் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், போர்வை சான்றாவதற்குத் தைத்தவரின் கைத்திறன் மட்டும் போதாது என்பதும், பெயரும் பாதுகாப்பும் உடன் வேண்டும் என்பதும் புலனாகின்றன. சாங்கிப் பெண்கள் பெயரைத் தாமே பொறித்தனர். தோட்டத்துப் பெண்களின் கைப்பொருள்களுக்குப் பெயரைச் சேர்க்கும் கடமை நம்முடையது.

பேராக் மாநிலத் தமிழாசிரியர்கள் இதனை மாணவர் செயல்திட்டமாக மேற்கொள்ளலாம். வீட்டிலுள்ள பழைய தூளிச்சேலை, தைத்த விரிப்பு, போர்வை ஆகியவற்றை நிழற்படம் எடுத்து, அது யாருடைய சேலை, தைத்தவர் யார், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், யாருக்கெனத் தைக்கப்பட்டது ஆகிய விவரங்களைப் பாட்டியிடம் கேட்டு எழுதச் செய்யலாம். வாய்மொழியாகப் பெற்றதைப் பிறப்புச் சான்றிதழ், தோட்டப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்துவது ஆய்வாளர் பணி. பொருளை உரியவரிடமே விட்டுவைத்து விவரத்தை மட்டும் திரட்டினாலும் பயன் உண்டு. சப்பானியர் காலத்தைக் கண்ட தலைமுறையினர் இன்று மிகச் சிலரே உள்ளனர். அவர்கள் மறைந்தபின் சேலை எஞ்சினும், அது யாருடையது எனச் சொல்வார் இரார். ஆதலின் இப்பணியைத் தள்ளிப்போடாது இன்றே தொடங்குதல் நன்று.