வாரியம் என்றொரு பழஞ்சொல்

வீட்டுவசதி வாரியம், குடிநீர் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மின்வாரியம், வக்ஃபு வாரியம் என நாள்தோறும் நம் நாவில் புழங்கும் 'வாரியம்' என்ற சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அகவை உடையது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன நெடிய கட்டடமும் கோப்புகளும் சம்பளப் பட்டியலுமே. சோழர் காலத்துத் தமிழர்க்கோ அச்சொல் வேறொன்றைக் குறித்தது. ஊரார் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுத்த சிலர் குறித்த காலத்துக்கு ஊரின் பொதுச்சொத்தைக் காத்து, கணக்கை ஒப்புவித்து, பின்பு எழுந்து போகும் ஏற்பாடே அன்றைய வாரியம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் ஏரிகளையும் ஏரிப் புறம்போக்குகளையும் காக்க வேண்டுமென்று தன்னார்வலர் சிலர் முன்வந்திருக்கும் இக்காலத்தில், அந்தப் பழைய வாரியத்தின் வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமுடையது.

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு எதுவும் அங்கில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைத் தடுத்துத் தேக்கினாலன்றிப் பயிருமில்லை, குடியுமில்லை. ஆகவே நிலத்தின் சரிவறிந்து கரை எழுப்பி, ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரியின் வரத்துக்காலில் விழும்படி சங்கிலி கோத்தனர் நம் முன்னோர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் பாயும் அமைப்பு இன்றும் உண்டு. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியோ இருபத்து நான்கு அடி ஆழம் கொண்டது. 3,645 மில்லியன் கனஅடி நீரைத் தாங்க வல்லது. ஏரியென்றால் நீர் நிற்கும் பள்ளம் மட்டுமன்று. நீர்பிடிப்பு மேடு, வரத்துக்கால், கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. எனவே ஏரியைக் காப்பதென்பது முதலாவதாக நிலத்தைக் காப்பதேயாகும்.

அதனைக் காத்தவர் யாவர்? இவ்வட்டாரத்துக்குத் தெற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் இதற்கு விடை கல்லில் வெட்டப்பட்டுள்ளது. முதலாம் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்விரு கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக நம் பள்ளிப் பாடநூல்கள் கூறும். தேர்தல் முறையை வியக்கும் நாம், அத்தேர்தல் எதற்காக நடந்தது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து, பன்னிருவரைச் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவரைத் தோட்ட வாரியத்துக்கும், அறுவரை ஏரி வாரியத்துக்கும் அமர்த்தினர். சம்வத்சர வாரியத்துக்கு வருவோர் முன்னரே தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துப் பழகியவராக இருத்தல் வேண்டும். பதவிக் காலம் முந்நூற்று அறுபது நாட்கள். அதற்கு மேல் ஒரு நாளுமில்லை.

தகுதிகளைப் பாருங்கள். வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. இவையெல்லாம் எங்கும் காணக்கூடிய விதிகளே. நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்வது வேறொரு விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயரை ஓலையில் எழுதலாகாது என்பதோடு கல்வெட்டு நிற்கவில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தகப்பனாரோடு பிறந்தார், தாயாரோடு பிறந்தார் என்று உறவு முறையை ஒவ்வொன்றாகச் சுட்டி, அவர்களையும் விலக்குகிறது! ஒருவன் கணக்கை மறைத்தால் அவன் சுற்றத்தார் அனைவரும் ஊர்ப் பொறுப்பிலிருந்து விலக்கப்படுவர். தான் போய் மைத்துனனை அமர்த்தும் தந்திரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது என்பதும், அதற்குக் கதவடைக்கப்பட்டது என்பதும் இதனால் விளங்கும்.

ஏரி வாரியத்தார்க்கு ஊதியம் வகுத்ததாக அவ்விரு கல்வெட்டுகளிலும் காணோம். மரியாதைக்காகச் செய்யும் பணி அது. ஆனால், மரியாதைக்காகச் செய்கிறார் என்பதற்காக எவரிடமும் கணக்குக் கேளாமல் விடவில்லை. இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி.

பழம்பெருமை பேசுவோர் ஒன்றை மறைத்துவிடுகின்றனர். உத்திரமேரூர்ச் சபை வேதியர் சபை. ஏரியில் வண்டல் வாரியவர்க்கும், சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்க்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலையில்லை. அதனை மக்களாட்சியின் முழுவடிவம் என்று போற்றுதல் மிகை. எனினும் பொதுச்சொத்தை நிருவகிப்போர் எவ்விதக் கட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்பதில் அக்கல் இன்றும் நமக்குப் பாடம் சொல்லவல்லது.

இஸ்லாமிய மரபில் இதற்கு ஒப்பான பொறுப்பு முதவல்லியுடையது. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வதென்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் பயனை அறத்துக்கு விடுமாறு அறிவுரை கிடைத்தது. அந்நிலம் விற்கப்படலாகாது, கொடையாக அளிக்கப்படலாகாது, வாரிசுரிமையாகவும் செல்லலாகாது எனக் கட்டளை அமைந்தது. அதனை மேற்பார்ப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம். அதைக் கொண்டு செல்வம் சேர்க்கலாகாது. அந்நிலத்தின் பொறுப்பைத் தமக்குப் பின் தம் மகளார் ஹஸ்ரத் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் உமர் (ரலி) அவர்கள் ஒப்படைத்தார்கள் என்பதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. உத்திரமேரூரில் பெண்ணுக்கு இல்லாத இடம், அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மதீனாவில் இருந்தது. பிற்காலத்தில் நம் ஊர்களில் எத்தனை பெண்கள் முதவல்லியாக அமர்த்தப்பட்டனர் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பூவிருந்தவல்லிக்கு இம்மரபு புதிதன்று. கோல்கொண்டாவின் அப்துல்லா குதுப்ஷா ஆட்சியில், 1653-இல் எழுந்த பள்ளிவாசல் அவ்வூரில் உள்ளது. பள்ளிவாசல் உள்ள இடத்தில் அதன் பராமரிப்புக்கு நிலமும், நிலத்துக்கு ஒரு முதவல்லியும் வருவது வழக்கம். முதவல்லியின் மேல் காழியின் கண் இருந்தது. காழியின் அதிகாரம் ஆங்கிலேயர் ஆட்சியில் அகன்றபின் நம் நாட்டில் எத்தனையோ வக்ஃபு நிலங்கள் சொந்தச் சொத்துக்களாயின. அதனாலன்றோ 1923-இல் முதவல்லிகள் மாவட்ட நீதிமன்றத்தில் கணக்கு ஒப்புவிக்க வேண்டுமெனத் தனிச்சட்டம் வந்தது! 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வக்ஃபு வாரியங்கள் தோன்றின. 1995-இல் புதிய சட்டம் வந்தது. 2025-இல் அது பெருந்திருத்தம் பெற்று நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது. அவ்விவாதம் தனிக் கட்டுரைக்குரியது. கணக்குக் கேட்டால் 'என்னையா சந்தேகிக்கிறீர்கள்?' என்று முகம் சிவக்கும் நிருவாகிகளை நம் ஜமாஅத்துகளிலும் காண்கிறோம் என்பதை மட்டும் இங்குக் குறித்துவிட்டு மேற்செல்வோம்.

ஊரார் காவல் கீழைநாட்டுக்கே உரியதென எண்ணற்க. ஸ்பெயினில் வலென்சியா நகரில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில், பேராலயத்தின் வாயிலில், கறுப்பு அங்கி அணிந்த உழவர் சிலர் வட்டமாக அமர்கின்றனர். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் பாசனத்தார் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அவர்கள். வழக்கறிஞர் இல்லை, எழுத்து மனு இல்லை. பக்கத்து வயலின் தண்ணீரைத் திருப்பினான் என்று ஒருவன் முறையிட, மற்றவன் மறுமொழி கூற, அங்கேயே தீர்ப்பாகிறது. அந்தலூசிய முஸ்லிம்களின் காலத்தில், மூன்றாம் அப்துர் ரஹ்மானின் கிலாஃபத்தில் தொடங்கியது இம்மன்றம் என்பது அவர்கள் மரபு. 1238-இல் அந்நகரைக் கைப்பற்றிய அரகோன் மன்னர் ஜெய்மே, ஆட்சியை மாற்றினாரேயன்றி வாய்க்கால் வழக்கத்தை மாற்றவில்லை. அங்கு வாய்க்காலுக்கு வழங்கும் 'அசேக்கியா' என்னும் பெயர்கூட 'ஸாகியா' என்ற அரபுச் சொல்லின் திரிபே. அம்மன்றத்தை 2009-இல் யுனெஸ்கோ மானுட மரபுச்செல்வமாக ஏற்றது. மதமும் மொழியும் அரசும் மாறின. நீரைப் பகிரும் மக்கள் கையில் பொறுப்பு இருந்ததால் மன்றம் நிலைத்தது.

நம் சீமையின் கதை வேறு திசையில் சென்றது. 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா செங்கற்பட்டுப் பகுதியைக் கம்பெனியாருக்கு ஜாகீராக அளித்தார். அதன்பின் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அங்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து எழுதினார். களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே ஊர்ப் பொதுப்பணிக்கும் பணியாளர்க்கும் பங்கு பிரித்து வைக்கும் ஏற்பாடு அப்போதும் உயிரோடிருந்ததை அக்குறிப்புகள் காட்டுகின்றன. கம்பெனியின் வருவாய்ப் பசி அந்தப் பங்குகளைச் சுருக்கியது. பங்கு சுருங்கவே மராமத்தும் சுருங்கியது. 1790-களில் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் போன்ற சிலர் ஏரிகளைச் சீர்செய்ததுண்டு. மதுராந்தகம் ஏரிக்கரையை இராமர் காத்தார் என்ற கதையில் அவர் பெயர் இன்றும் வழங்குகிறது. ஆயினும் ஒரு நல்ல கலெக்டர் மாற்றலாகிச் சென்றால் அவரோடு மராமத்தும் சென்றுவிடும்.

1858-இல் ஒரு சட்டம் வந்தது. மதகு உடையும் காலத்தில் குடிகள் வந்து உழைத்தே தீர வேண்டும், வராதவர்க்குத் தண்டம் என்றது அது. குடிமராமத்தின் உழைப்பைச் சட்டமாக்கிய அரசு, அவ்வுழைப்பை நடத்தும் அதிகாரத்தைக் குடிகளுக்குத் திருப்பித் தரவில்லை. உரிமையில்லாத கடமையை எவர் உவந்து செய்வர்? ஏரி 'சர்க்கார் ஏரி' ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் நகரம் மேற்கே நகர்ந்தது. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை உண்டாக்கியது தொடக்கம். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஆயிரத்து நானூறு ஏக்கருக்கு மேல் பரந்து எழுந்தது; ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது அது, மறுப்பதற்கில்லை. ஆவடியில் போர் ஊர்தித் தொழிற்சாலை வந்தது. ஏரிக்கும் போர் ஊர்திக்கும் ஆங்கிலத்தில் 'டாங்க்' என்ற ஒரே பெயர். ஆவடியில் பின்னதற்குக் கிடைத்த காவல் முன்னதற்குக் கிடைக்கவில்லை. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் ஏரி நிலத்திலேயே மனைகளை வகுத்தது. 'ஏரித் திட்டம்' என்பதே இன்றும் அவ்விடத்துக்குப் பெயர். ஏரியைக் காத்த வாரியம் போய், ஏரியில் வீடு கட்டும் வாரியம் வந்ததென்று சொன்னால் அது வெறும் சிலேடையன்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஏரிக்கு இயல்பான காவலன் ஆயக்கட்டு உழவனே. 2000-ஆம் ஆண்டில் தமிழக அரசு இயற்றிய பாசன மேலாண்மைச் சட்டமும் உழவர் சங்கங்களையே நாடியது. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கிய புதிய குடிமராமத்தும் பாசன விவசாயிகளை முன்வைத்தே வகுக்கப்பட்டது. சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே பணி செய்தனர் என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. ஆனால் அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் ஆயக்கட்டு எங்கே? வயல் மனையாயிற்று, உழவன் மனையை விற்றுப் போனான். ஏரி இருக்கிறது, ஏரிக்குரிய குடி இல்லை. தகப்பன் இல்லாப் பிள்ளைக்கு ஆளுக்கொரு காப்பாளர் என்பதுபோல், கரையும் மதகும் நீர்வளத் துறையிடம். கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம். மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியிடம். ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் எல்லை அளக்கவும் கல் நடவும் வழி செய்தது. நட்ட கல்லை நாள்தோறும் பார்ப்பவர் யார் என்பதை அது சொல்லவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் குடியிருப்போர் சிலர் தாமாக வந்து நின்றனர். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கத்தினரை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு ஆயக்கட்டு இல்லை, தண்ணீர் வரியில்லை, சம்பளமுமில்லை. ஆலைக் கழிவும் சாக்கடையும் ஏரியில் விழுவதைத் தடுக்கவேண்டித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினர். பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று ஏரியைக் காட்டினர். 2015-இன் பெருவெள்ளமும், 2019-இன் வறட்சியும், 2023 டிசம்பரில் தொழிற்பேட்டையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலும் அவர்கள் சொல்லுக்குச் சாட்சியாயின. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியை அரசே சீர்செய்து 2019-இல் நடைபாதையும் படகுமாகத் திறந்து வைத்தது. அது நல்ல பணியே. எனினும் நடைபாதையில் உலாவ வருபவன் வேறு, ஏரிக்குப் பொறுப்பேற்பவன் வேறு.

இத்தகைய தன்னார்வக் குழுக்களை ஏரிகள்தோறும் சட்டப்படி ஏற்று, மதகு, கரை, எல்லைக்கல் ஆகியவற்றைப் பார்வையிடும் உரிமையையும், துறையாரிடம் விளக்கம் கேட்கும் உரிமையையும் அளித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. உரிமை பெறும் குழுவினர் பராந்தகன் காலத்து நிபந்தனைகளுக்கும் உடன்படல் வேண்டும். தலைவர் ஆண்டுக்கணக்கில் தலைவராக இருத்தல் கூடாது. நன்கொடை வந்ததும் செலவானதும் கரையிலேயே எழுதி ஒட்டப்படல் வேண்டும். ஏரியோரத்தில் மனை வாங்கி விற்பவரும் அவர்தம் சுற்றத்தாரும் குழுவுக்கு வெளியே நிற்றல் வேண்டும். அடுக்குமாடியில் வாழ்பவரோடு, வரத்துக்கால் ஓரத்துக் குடிசையில் வாழ்பவரும் அங்கு இடம்பெறல் வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றல் என்றவுடன் முதலில் இடிபடுவது அவர் குடிசையேயாதலின், மாற்று மனை பற்றிப் பேசும் குரல் குழுவுக்குள்ளிருந்தே எழுதல் முறை. உத்திரமேரூர்க் குடத்தில் போடப்படாத ஓலைகள் அவருடையவையும் பெண்களுடையவையுமே.