திறமூலம் எனும் தகுதியும் பயிற்சித் தரவும்: தமிழ்க் கணிமையிலிருந்து ஒரு வாதம்

எந்த மென்பொருளைத் திறமூலம் என்று ஒப்புக்கொள்வது என்ற சர்ச்சை பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களின் உரிமப் பூசலாகவே எழுதப்படுகிறது. தமிழுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. ஆங்கிலத்தில் ஒரு கருவி நின்றுபோனால் இன்னொன்று உடனே வந்துவிடும். தமிழில் அந்த இடம் பல்லாண்டு காலியாகவே கிடக்கும். ஆகவே, ஆக்கியவர் விலகிய பின்னும் பிறர் அதைச் செப்பனிட்டுத் தொடர முடியுமா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இ-கலப்பையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 'தமிழா' குழு வழங்கிய இந்தத் தட்டச்சுக் கருவியை யாரும் காசில்லாமல் பெறலாம். ஆனால் அதன் தொடக்கப் பதிப்புகளை இயக்கியது கீமேன் என்ற, அன்று மூடிய நிரலாக இருந்த மென்பொருள். விசைப்பலகை நம்முடையதாகவும் இயந்திரம் பிறருடையதாகவும் இருந்த நிலை அது. மூன்றாம் பதிப்பில் இயந்திரத்தையே புதிதாக எழுதி, குனூ பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். அந்த உழைப்பு முழுவதும், இலவசத்துக்கும் திறமூலத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கச் செலவானது.

1998இல் அமைந்த திறமூல முன்முயற்சி அமைப்பு, டெபியன் இயங்குதளக் குழுவின் நெறிகளை அடியொற்றி, திறமூலம் எனும் தகுதிக்குப் பத்து நிபந்தனைகளை வகுத்தது. எவருக்கும் எந்தத் துறைக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்பவை அவற்றுள் கடுமையானவை. மென்பொருள் நிறுவனங்களான மோங்கோடிபி 2018இலும் ஹாஷிகார்ப் 2023இலும் தங்கள் உரிமத்தை மாற்றியது இந்த இடத்தில்தான் முட்டியது. தங்கள் உழைப்பை மேகக்கணிமைப் பெருநிறுவனங்கள் கைம்மாறின்றி விற்கின்றன என்ற அவர்கள் முறையீட்டில் நியாயம் உண்டு. ஆயினும் 'போட்டிச் சேவைக்குப் பயன்படுத்தாதே' என்ற வகை விதி யாரைத் தடுக்கும்? திருச்சி அரியமங்கலத்தில் இருவர் சேர்ந்து, கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்து தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாம் போட்டியாளரா இல்லையா என்று அறிய அவர்கள் எந்த வழக்கறிஞரிடம் போவார்கள்? பெருநிறுவனமோ பேரம் பேசித் தனி உரிமம் வாங்கிக்கொள்ளும். இந்த நிபந்தனைகளை அந்த அமைப்பு விட்டுக்கொடுக்காதது சரியே.

ஆனால் 2024 அக்டோபரில் செயற்கை நுண்ணறிவுக்கு அதே அமைப்பு வெளியிட்ட வரையறையை என்னால் ஏற்க இயலவில்லை. பயிற்சித் தரவு முழுவதையும் தர வேண்டியதில்லை, அதைப் பற்றிய விரிவான விவரம் போதும் என்கிறது அது. தமிழில் பிழை பிறக்கும் இடமே தரவுதான். மெட்டாவின் லாமா 2 மொழி மாதிரியைத் தழுவி 2023இல் தமிழ்-லாமா வந்தது. மூல மாதிரியின் 32,000 சொற்கூறுகளோடு 16,000 தமிழ்க் கூறுகளைச் சேர்த்தார்கள். மூல மாதிரியின் எடைகள் (weights) கைக்குக் கிடைத்ததால் முடிந்த நல்ல வேலை. ஆனால் அந்த மூல மாதிரி எந்தத் தமிழைப் படித்தது என்பதை வெளியிலிருப்பவர் சரிபார்க்க வழியில்லை. எழுபது கோடி மாதப் பயனர் வரம்பு வைத்த லாமா உரிமமும் கூடவே வருகிறது. லாமாவைத் திறமூலம் என்று மெட்டா அழைப்பது பொருந்தாது.

பதிப்புரிமை காரணமாகத் தரவைத் திறக்க முடியாது என்பது எதிர்வாதம். மருத்துவக் குறிப்பு போன்ற தனிமனிதத் தரவுக்கு அதை ஒப்புக்கொள்ளலாம். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை நம் நிலைமை வேறு. பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது; பின்னர் அவை மக்கள் உடைமையாயின. அதைத் தொடர்ந்து எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னூல்களாக்கி வருகிறது. சட்டத் தடையற்ற இவ்வளவு பெரிய எழுத்துச் செல்வத்தை வைத்துக்கொண்டு, தரவை மறைப்பதற்கு நாம் இசைய வேண்டியதில்லை.

தரவைத் திறக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கையும் அன்று. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத், 22 இந்திய மொழிகளுக்கான இண்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரியை எம்ஐடி உரிமத்தில் தந்ததோடு, பயிற்றுவித்த இணைமொழித் தொகுப்பையும் வெளியிட்டது. மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுத் திறமூலக் கொள்கை, மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டரசு இனி மொழி மாதிரிகளுக்குக் கோரும் ஒப்பந்தப் புள்ளிகளில், அந்த மூன்று உரிமைகளையும் பயிற்சித் தரவுக்கும் நீட்டி எழுத வேண்டும்.