தந்தி இருந்தும் கப்பல் ஓடியது

1914 மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னார் பியருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. பழைய ஆக்கள் 'போட் மெயில்' எண்டு சொல்லுற பயணத்தின் கடல் பகுதி இதுதான். கடிதங்கள் கப்பலின் நேரத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவசரத்துக்குத் தந்தி. கருவி தட்டத் தொடங்கினால் செய்யிற வேலையை விட்டிட்டு எழும்பத்தான் வேணும். தந்தி கப்பலை விட எத்தனையோ மடங்கு வேகம். ஆனாலும் கப்பல் நிற்கவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

கணினி வரலாற்றை எழுதுகிறவர்கள் இப்படியான ஒரு இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். முதலில் கணினி 'ஏதும் வந்திருக்கா?' எண்டு தானே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது, அதுக்குப் பெயர் போலிங். பிறகு வந்தது இன்டரப்ட்: சாமான் வந்தால் வன்பொருளே தட்டிக் கூப்பிடும். பழசு போய்ப் புதுசு வந்தது, கதை முடிஞ்சுது என்பார்கள். முடியேல்லை.

1950களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் எக்ஸ்1 கணினியை வடிவமைத்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் இன்டரப்ட் வைப்போம் என்றபோது, அதுக்கு மென்பொருள் எழுத வேண்டிய டைக்ஸ்ட்ரா பயந்துபோனார். எந்தக் கணத்தில் கூப்பிடும் எண்டு தெரியாட்டி, வாற பிழையைத் திரும்ப வரவைத்துப் பார்க்கவே ஏலாது. மனுசன் சில மாதம் இழுத்தடித்துத்தான் ஒத்துக்கொண்டார். 1959இல் வந்த அவரது முனைவர் பட்ட ஆய்வேடு இந்த வேலையைப் பற்றியதுதான்.

அவர் பயந்தது ஒண்டு, பிறகு நடந்தது இன்னொண்டு. வலையமைப்பு வேகமானதும் பொதிகள் மழை மாதிரிக் கொட்டத் தொடங்கின. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு இன்டரப்ட். ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996இல் எழுதிய கட்டுரை இதில் என்ன நடக்குது எண்டு காட்டியது. ரவுட்டராக வேலை செய்யும் யூனிக்ஸ் கணினி ஒவ்வொரு தட்டுக்கும் எழும்பிப் பொதியை வாங்கி வரிசையில் வைக்கும். ஆனால் வரிசையில் உள்ளதை மற்றப் பக்கம் அனுப்பும் பகுதிக்கு முன்னுரிமை குறைவு. அதுக்கு முறையே வராது. வரிசை நிரம்பி, வாங்கினதையே எறிய வேண்டி வரும். மூச்சு விடாத வேலை, ஆனால் வெளியே ஒரு பொதியும் போகாது. வேணுமெண்டே பொதிகளைக் கொட்டி ஒரு கணினியை முடக்கவும் இது போதும்.

அவர்கள் சொன்ன வழி சரியாகக் கலந்த வழி. முதல் தட்டுக்கு எழும்பு. எழும்பினதும் அந்த அட்டையின் கூப்பிடலை நிறுத்தி வை. பிறகு நீயே போய் அளவாக அள்ளு. முடிஞ்சால் திரும்ப மணியைத் திற. லினக்ஸில் இதைக் கொண்டுவந்ததுதான் 'நாப்பி'. சலீம், ஓல்சன், குஸ்னெட்சோவ் மூவரும் 2001இல் அதைப் பற்றி எழுதினார்கள். அட்டையின் டிரைவர் ஒரு செயற்கூற்றை முன்கூட்டியே பதிந்து வைக்கும், பணிசெயல் முறைமை நேரம் வந்ததும் அதைக் கூப்பிடும். ஒரு முறைக்கு வழமையாக 64 பொதிக்கு மேல் அள்ளக் கூடாது, மற்றவைக்கும் முறை வரவேணுமே.

இண்டைக்கு டிபிடிகே மாதிரியானவை மணியையே கழற்றிவிட்டு, ஒரு கோரை முழு நேரமும் அட்டையைப் பார்க்க விட்டுவிடுகின்றன. கப்பல் இல்லாத நாளிலும் பியரில் ஆள் நிற்கிற மாதிரி. பொதி வந்தாலும் வராட்டியும் கரண்ட் போகும்.