பம்புக்குத் தண்ணீர் ஊற்றுவது போல

கம்ப்யூட்டரைத் தொடங்க வைப்பதை ஆங்கிலத்தில் 'பூட்' செய்வது என்கிறார்கள். தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற வேடிக்கைப் பேச்சிலிருந்து வந்த சொல் அது. நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'அமோர்சாஜ்' என்பார்கள். தூண்டிலில் இரை வைப்பதற்கும், பம்பில் முதல் தண்ணீர் ஊற்றுவதற்கும் அதே சொல்தான். திருப்பூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபுட் வால்வு கசிந்து குழாயில் காற்று புகுந்துவிட்டால் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒரு சொட்டு ஏறாது. "மொதல்ல ரெண்டு குடம் ஊத்தோணுமுங்க, அப்புறம் அதுவா எடுத்துக்கும்" என்பார் மெக்கானிக். எனக்கு ஆங்கிலக் காலணியைவிட இந்தக் குடம் பொருத்தமாகப் படுகிறது.

கம்ப்யூட்டருக்கும் இதே சங்கடம்தான். மின்சாரம் கொடுத்த நொடியில் அதன் நினைவகம் காலி. வட்டிலிருந்து ஒரு பைலைப் படிக்க வேண்டுமானால் அதற்கொரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமோ வட்டுக்குள் இருக்கிறது. ஆகவே யாராவது முதல் குடத்தை ஊற்றியாக வேண்டும். பென் டிரைவில் ஓர் இயங்குதளத்தை ஏற்றி, அதைக் கொண்டு இன்னொரு கம்ப்யூட்டரில் அதை நிறுவுகிறோமே, அந்தப் பென் டிரைவ்தான் இன்றைய குடம். கொஞ்சம் பின்னால் போய் அதன் பூர்வோத்தரத்தைப் பார்க்கலாம்.

நெசவு ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதால் நெசவிலிருந்தே தொடங்குகிறேன். 1804ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார் என்பவர் தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகளை மாட்டினார். அவருக்கு முன்பே பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் என்று மூன்று பிரெஞ்சுக்காரர்கள் அந்த வழியில் முயன்றிருந்தார்கள். முழுசாக வேலை செய்ய வைத்தவர் ஜக்கார். தறிக்கு எந்தப் பூவும் தெரியாது. அட்டையை மாற்றினால் பூ மாறும். இங்கிருந்து அதிக தூரமில்லாத சென்னிமலையில் பெட்ஷீட் நெய்யும் தறிகளில் 'ஜக்கார்டு' அட்டை தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு, இயந்திரம் தனி, அதற்கான கட்டளை தனி என்ற கருத்து புதிதாக இருக்காது. துளை அட்டை பிறகு 1890ல் அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குப் போயிற்று. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தது. 1952ல் வந்த ஐ.பி.எம். 701 என்ற இயந்திரத்தில் 'லோடு' என்றொரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ காந்த உருளையிலிருந்தோ முதல் ஒரே ஒரு சொல்லை மட்டும் நினைவகத்துக்குள் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எடுப்பது எப்படி என்பதை அந்த முதல் துளியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளும். 70 ஆண்டுகள் கழித்தும் இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தது. அதன் பலகையில் நிரந்தரமாக எழுதப்பட்ட 'பயாஸ்' என்ற சிறு புரோகிராம், முதலில் ஃபிளாப்பியைப் பார்க்கும். ஃபிளாப்பியின் முதல் துண்டான 512 பைட்டுகளை மட்டும் படித்து, வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடும். 512 பைட்டு என்றால் எவ்வளவு? ஒரு தபால் கார்டில் நெருக்கி எழுதும் அளவு. அந்தத் தபால் கார்டு "அடுத்த பைல் எங்கே இருக்கிறது" என்று சொல்லும், அது அடுத்ததை அழைக்கும். அலுவலகத்தில் டிஸ்பாட்ச் கிளார்க் பைலைத் திறந்து படிக்காமல் யார் மேசைக்குப் போக வேண்டும் என்று மட்டும் பார்த்து அனுப்புவாரே, அது மாதிரி. என் சர்வீஸ் காலத்து நினைவு, மன்னிக்கவும்.

அலுவலகம் என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் கம்ப்யூட்டர் 'எழவில்லை' என்றால் மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவோம். பதில் வருவதற்குள் மாதங்கள் ஓடும். இயந்திரம் உறை போட்டு மூலையில் தூங்கும். கடைசியில் 'பயனற்றவை' பட்டியலில் ஏறி ஏலத்துக்குப் போகும். அவற்றில் பலவற்றில் இரும்பும் தகடும் நன்றாகவே இருந்தன. இயங்குதளத்தை மறுபடி ஏற்றுவதற்கு ஆள் இல்லை, தட்டும் இல்லை. விண்டோஸ் 95ஐ ஃபிளாப்பியில் வாங்கினால் 13 ஃபிளாப்பி. பதினோராவது ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

சி.டி.யிலிருந்து நேரடியாகத் தொடங்கும் வழியை 1995ல் ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்தன. அதற்கு 'எல் டொரிட்டோ' என்று பெயர். கலிபோர்னியாவில் உள்ள ஓர் உணவகத்தின் பெயர் அது. பயாஸுக்கு ஃபிளாப்பியைத் தெரியும், சி.டி.யைத் தெரியாது என்பதால், சி.டி.க்குள் ஒரு ஃபிளாப்பியின் நகலை ஒளித்து வைத்து, "நான் ஃபிளாப்பிதான்" என்று பயாஸிடம் சொல்ல வைப்பது அதில் ஒரு வழி. இந்த வேஷம் போடும் வித்தைதான் பின்னால் பென் டிரைவுக்கும் உதவியது. 2000ல் ஜெர்மனியின் கிளவுஸ் க்னோப்பர் 'க்னோப்பிக்ஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டார். எதையும் நிறுவாமல் சி.டி.யிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். உபுண்டு வந்த பிறகு 2005லிருந்து 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சி.டி. அனுப்பினார்கள். கடல் கடந்து ஒரு பைசா செலவில்லாமல் ஓர் இயங்குதளம் வீட்டு வாசலுக்கு வந்ததை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

யு.எஸ்.பி. 1996ல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் பொறியாளர்களில் முக்கியமானவர் அஜய் பட், வதோதராக்காரர். பென் டிரைவ் 2000ல் கடைக்கு வந்தபோது ஐ.பி.எம். விற்றது 8 எம்.பி. கொண்டது. பிரெஞ்சில் பென் டிரைவுக்கு 'க்ளே', அதாவது சாவி என்று பெயர். மான்ட்ரிவா என்ற பிரெஞ்சு லினக்ஸ் நிறுவனம் தன் இயங்குதளத்தை 2 ஜி.பி. சாவியில் ஏற்றியே விற்றது. அந்த நிறுவனம் 2015ல் மூடப்பட்டுவிட்டது. பிரெஞ்சு ழாந்தார்மரி காவல் படை 2008 முதல் தன் பல்லாயிரம் கம்ப்யூட்டர்களை உபுண்டுவுக்கு மாற்றியது. நம் பக்கத்திலும் நடந்தது. எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சி. உமாசங்கர் தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறியது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளப் பள்ளிகளில் லினக்ஸ்தான். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

பென் டிரைவ் தயாரிப்பதில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இறக்கிய ஐ.எஸ்.ஓ. பைலை அப்படியே காப்பி செய்து போட்டால் கம்ப்யூட்டர் எழாது. ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழு வட்டின் பிரதி. அதைப் பைலாகப் போடுவது குடத்தை மூடி போட்டு பம்பின் பக்கத்தில் வைப்பது போல. அதைப் பிரித்து, முதல் துண்டு முதல் இடத்தில் விழும்படி ஊற்ற வேண்டும். அதற்குத்தான் 2007ல் யூநெட்பூட்டின், 2011ல் பீட் பட்டார் எழுதிய ரூஃபஸ், 2020ல் வென்டாய் எல்லாம் வந்தன. மைக்ரோசாஃப்டே 2009ல் இதற்கொரு கருவி கொடுத்தது. அதில் பிறருடைய பொது உரிமப் புரோகிராம் வரிகள் கலந்திருப்பதை ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, திரும்பப் பெற்று, பிறகு தாங்களும் அதே பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். பெரிய கம்பெனி தவறைத் திருத்திக்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது.

புதிய கம்ப்யூட்டர்களில் பயாஸுக்குப் பதில் யு.இ.எஃப்.ஐ. இருக்கிறது. அது 512 பைட்டோடு நிற்காமல், 'ஃபேட் 32' முறையில் அமைந்த பென் டிரைவுக்குள் குறிப்பிட்ட பெயருள்ள பைலைத் தானே தேடும். நல்ல வசதிதான். ஆனால் ஃபேட் 32ல் ஒரு பைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. விண்டோஸின் முக்கியப் பைல் பல சமயம் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் இதற்காகப் பென் டிரைவில் ஒரு சின்னத் தனிப் பகுதியை ஒதுக்கிச் சமாளிக்கிறது.

2012ல் விண்டோஸ் 8 வந்தபோது 'செக்யூர் பூட்' என்ற பூட்டும் வந்தது. கையெழுத்திட்ட புரோகிராமை மட்டுமே முதல் குடமாக ஏற்கும். வைரஸ் புகாமல் இருக்க நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட். லினக்ஸ்காரர்களும் அவர்களிடம் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே வருகிறார்கள். நான் விலை கொடுத்து வாங்கிய கிணற்றில் யார் தண்ணீர் ஊற்றலாம் என்பதை அடுத்த ஊர்க்காரர் தீர்மானிப்பது எனக்கு ஒப்பவில்லை. செட்டிங்கில் போய் அதை அணைக்க வழி வைத்திருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசுகளில், ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுகளில், பழைய கம்ப்யூட்டர்கள் எத்தனையோ உண்டு. பள்ளியில் கிடைத்த லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் பெண்கள் பலர் இங்கே கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறார்கள். "இது இனி ஆகாதுங்க, புதுசு வாங்கிக்கோங்க" என்ற பேச்சைச் சர்வீஸ் கடைகளில் கேட்கிறேன். அது முழு உண்மையில்லை. எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேருக்கும் டாலிக்கும் விண்டோஸ் வேண்டும், அங்கே லினக்ஸ் எளிதில் உதவாது. ஆனால் கடிதம், கணக்குத் தாள், மெயில், பிள்ளைகள் பாடம் பார்ப்பது ஆகியவற்றுக்கு ஓர் இலகுவான லினக்ஸ் தாராளமாகப் போதும். ஒரு பழைய பென் டிரைவும் ஒரு மணி நேரமும்தான் செலவு.

என்னிடம் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் வென்டாய் போட்டு மூன்று லினக்ஸ் வைத்திருக்கிறேன். நிறுவாமலே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஸ்பீக்கரும் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகு முடிவு செய்யலாம். பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் லேப்டாப்பை எடுத்து வரலாம். வருமுன் படங்களையும் பைல்களையும் வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது பழையது அழிந்துவிடும். சார்ஜரை மறக்க வேண்டாம்.