கறுப்புக்குள் எத்தனை கறுப்பு?

பலெர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலே பக்கம் எங்கட சனம் அதிகம் புழங்கும். நான் பழைய படங்களை ஸ்கான் பண்ணிப் பெருப்பித்துக் கொடுப்பேன் என்று தெரிந்ததால், அங்கே போனால் யாராவது ஒரு என்வலப்பை நீட்டுவார்கள். உள்ளே கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். நெகற்றிவ் கிடையாது. 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது கையில் அகப்பட்டதாக இருக்கும்.

தாங்களே பிறின்டரில் அடித்துப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அண்ணை, ஏன் பச்சையடிக்குது?"

சாதாரண இங்க்ஜெற் பிறின்டரிடம் சாம்பல் நிற மை இல்லை. நீலம், மஜெந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் சாம்பலைக் காட்டும். ஒன்று கொஞ்சம் கூடினால் அம்மாவின் முகம் பச்சை, இன்னொன்று கூடினால் ரோஸ். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாகத் தெரிவது ரியூப் லைற்றில் வேறு நிறமாகத் தெரியும். மூன்று மையும் ஒரே வேகத்தில் மங்குவதும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதுவும் தொலைந்த நெகற்றிவிலிருந்துதான் தொடங்குகிறது. பாடகர் கிரஹாம் நாஷ் புகைப்படக்காரரும்கூட. அவருடைய நெகற்றிவ்களில் பெரும்பாலானவை பதிப்பகத்துக்கு அனுப்பிய வழியில் தொலைந்துபோயின. மிஞ்சிய கொன்ராக்ற் தாள்களை ஸ்கான் பண்ணி, அச்சகங்களுக்கென்று செய்த ஐரிஸ் இயந்திரத்தில் அடித்து, 1990 ஏப்ரலில் காட்சிக்கு வைத்தார்கள். அதே வருடம் நாஷ் 126,000 டொலருக்கு ஒரு ஐரிஸ் வாங்கினார். ஆனால் அதன் சாய மை சில வருடங்களிலேயே மங்கியது.

2000ஆம் ஆண்டளவில் ஜோன் கோன் வேறு வழி காட்டினார். எப்சன் பிறின்டரின் நிற மைகளை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் கடும் கறுப்பிலிருந்து வெளிர்சாம்பல் வரை நான்கு விதமான கறுப்பை நிரப்பினார். 2005இல் எப்சன் தானே ஒரே பிறின்டரில் மூன்று கறுப்பு வைத்து விற்றது.

இந்தக் கறுப்பு மைகளின் அடிப்படை கரிதான். எங்கட ஆக்களுக்கு இது புதிதல்ல. எழுத்தாணியால் ஏட்டில் கீறிய எழுத்துக்குள் விளக்குக்கரியைத்தான் தேய்த்தார்கள். கரி வெயிலுக்கு மங்காது.

வீட்டில் அடிப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் நொசில் செக் பாருங்கோ. போட்ட தாளையே மெனுவிலும் தெரிவு செய்யுங்கோ. கறுப்பிலிருந்து வெள்ளை வரை 21 படி உள்ள பட்டை ஒன்றை அடியுங்கோ. கடைசிக் கறுப்புப் படிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் மை கூடிவிட்டது, குறையுங்கோ. ஒரு நாள் காயவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கோ.

ஒரு பழைய படத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. லெத்தீத்சியா பத்தாலியா (1935-2022) 'லோரா' பத்திரிகைக்காக மாஃபியாக் கொலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1979இல் அவர் எடுத்த இரண்டு படங்களில் அரசியல்வாதி அந்திரியோத்தியும், மாஃபியாவோடு தொடர்புள்ள நீனோ சால்வோவும் ஒன்றாக இருந்தார்கள். சால்வோவைத் தெரியாது என்றே அந்திரியோத்தி சொல்லிவந்தார். 1993இல் அந்தப் படங்கள் பத்தாலியாவின் சேகரிப்பிலிருந்து வெளியே வந்து வழக்கில் சாட்சியாகின. 14 வருடம் பெட்டிக்குள் கிடந்தவை அவை.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரம் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்ததும் படங்கள்தான். பிள்ளை இருந்தான் என்பதற்கு அதுவே சாட்சி. சாய மையில் அடித்தால் வெயில் அதைத் தின்றுவிடும்.

அதனால் என்வலப்பைத் தருபவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஸ்கானை இரண்டு இடத்தில் வையுங்கோ. ஒரு பிரதியையாவது கரி மையில் அடித்து வையுங்கோ.