ஒற்றைக்காலும் ஆடிச்சுற்றும்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். அரியும் அரனும் ஒன்றாய்க் காட்சி தர வேண்டுமென்று கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். நேர்ந்துகொண்ட கணக்குப்படி சனங்கள் கோயிலைச் சுற்றி வருகிறார்கள். அவளுடைய கால்வலியில் தாங்களும் பங்கெடுப்பதாக நம்பிக்கை. வலம் வருதல் எந்த ஊரிலும் உண்டு. அங்கெல்லாம் நடந்தவருக்கே புண்ணியம். நிற்பவளுக்காக நடப்பது இந்த ஊரின் வழக்கம். உயிர்களின் உடம்பைக் கூர்ந்து பார்த்தவர்களிடமிருந்தே இது பிறந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நிற்பது ஓய்வல்ல. ஒற்றைக்காலில் நிற்பவரின் கணுக்காலும் இடுப்பும் நொடிதோறும் சாய்வைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கும். நிற்பதற்கும் தசை உழைக்க வேண்டும் என்பதை இத்தாலியின் போரெல்லி, 1680-இல் அச்சேறத் தொடங்கிய நூலில் கணக்கிட்டுக் காட்டினார். விசைத்தறி முன் நாளெல்லாம் நிற்கும் இந்த ஊர்க்காரருக்கு அந்தக் கணக்கு தேவைப்படாது.

புராணத்துக்குள் உயிரியலைத் திணிப்பதாகச் சிலர் சொல்லக்கூடும். அதே தலபுராணத்தின் பாம்புகளைப் பார்க்கலாம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதாடிய சங்கனும் பதுமனும் நாகங்கள். லிங்கம் வெளிப்பட்டது புற்றில். இன்றும் பிரசாதம் புற்றுமண். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பது பழமொழி மட்டுமல்ல, காலில்லாத உடம்பின் நிலைமையும்தான். நல்லபாம்பு தனக்கென்று புற்றுக் கட்டுவதில்லை. ஊர்வதற்கும் அதற்குப் பிடிமானம் வேண்டும்: கல்லையும் கட்டியையும் பக்கவாட்டில் உந்தித்தான் அது முன்னே போகிறது என்பதை ஜேம்ஸ் கிரே 1946-இல் விளக்கினார். வழவழப்பான தரையில் அது தவிப்பதைக் கரிசல்காட்டுக்காரர் அதற்கு முன்பே கண்டிருப்பார்கள்.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: சுற்றுகிறவர்கள் பிள்ளை வரத்துக்கும் தங்கள் முழங்கால் வலிக்கும்தானே சுற்றுகிறார்கள், அம்மனின் வலி பிறகு ஒட்டவைத்த காரணமாக இருக்கலாமே? வேண்டுதல் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சொந்தப் பலன் மட்டுமே நோக்கம் என்றால் தையிலும் மாசியிலும் சுற்றியிருக்கலாம். இந்தச் சுற்றோ அவள் தவம் நிற்கும் நாட்களுக்கு மட்டும் உரியது. தபசுக்காட்சி முடிந்தபின் எத்தனை முறை சுற்றினாலும் அதற்கு ஆடிச்சுற்று என்று பெயரில்லை.